பட்டதாரி எவரும் இல்லை

“மொதல்ல படிச்சுக் காட்டு, அப்பறம் தேய்க்கலாம்” என்று மருதையன் கையை இழுத்துக்கொள்வதற்குள் அம்சம் அவருடைய கட்டைவிரலில் மையைத் தேய்த்துவிட்டாள். முந்தின நாள் வலங்கைமானில் வாங்கிய புது மைப்பெட்டி. ரேகையே தெரியாத அளவுக்கு விரலில் நீலம் அப்பிக்கொண்டது.

“தேய்ச்சாச்சுல்ல, வையுங்க மாமா. இன்னைக்குள்ள ஏத்தணும்னு எத்தன தடவ சொல்றது?”

“என்னா எழுதியிருக்குன்னு தெரியாம நான் எதுலயும் கைநாட்டு வைக்கிறதில்ல. ரேசன் கடை மிசின்லகூட என்ன போடுறான்னு கேட்டுட்டுத்தான் வெரல வைக்கிறேன்.”

மாமனாரின் இந்தப் பிடிவாதம் இன்று நேற்று வந்ததல்ல. பண்ணை வேலையில் இருந்த காலத்தில், காட்டிய இடத்தில் எல்லாம் விரல் வைத்துச் சூடு பட்டவர். அதற்கப்புறம் மளிகைக்கடைச் சீட்டாக இருந்தாலும் யாராவது படித்துச் சொன்னால்தான் கையில் வாங்குவார். அம்சத்துக்கு அன்று இருந்த அவசரத்தில் அதையெல்லாம் நினைத்துப் பார்க்கப் பொறுமை இல்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, காகிதத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, ஒரே மூச்சில் படித்தாள்.

“கீழே கையொப்பமிட்டுள்ள நாங்கள் அனைவரும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். எங்கள் குடும்பத்தில் இதுவரை பட்டதாரி எவரும் இல்லை என உறுதி கூறுகிறோம். போதுமா?”

மருதையன் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பானது.

“இல்லாததுக்கு ஒரு சர்டிபிகேட்டா? இப்பிடி ஒண்ணு குடுக்குறான்னு தெரிஞ்சிருந்தா நான் எத்தனையோ வாங்கி வச்சிருப்பேனே. நெலம் இல்ல, மாடு இல்ல, பல்லு இல்ல.”

அம்சத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வாரமாக அவள் எதற்கெடுத்தாலும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். மகள் இசைவாணிக்குப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. வேளாண் பொறியியல், அதுவும் கேட்ட கல்லூரியிலேயே. குறுவை நடவுக்குப் போன இடத்திலெல்லாம் அம்சம் நாற்றுமுடியைக் கீழே வைத்துவிட்டு அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டவர்களிடமே இரண்டாம் தடவையும் சொன்னாள்.

ஆனால் இடம் கிடைப்பது வேறு, போய்ச் சேருவது வேறு. இசைவாணி படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. அதனால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உண்டான சலுகை அவளுக்குக் கிடையாது. குடும்பத்தின் முதல் பட்டதாரி என்று சான்றிதழ் இருந்தால் அரசாங்கமே படிப்புக் கட்டணத்தைக் கட்டிவிடும். இல்லாவிட்டால் அந்தப் பணத்துக்கு அவர்கள் வீட்டில் வழியே இல்லை. போன மாதமே விண்ணப்பித்தாயிற்று. அப்போது மருதையன் திருத்துறைப்பூண்டியில் மகள் வீட்டில் இருந்தார். அவரை விட்டுவிட்டு மற்ற எல்லோரும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்கள். தாத்தா உயிரோடு இருக்கிறாரா, இருந்தால் அவர் கைநாட்டு எங்கே என்று கேட்டு விண்ணப்பம் திரும்பி வந்தது. திருத்தி ஏற்ற இன்றைக்குத்தான் கடைசி நாள்.

“படிச்சாச்சு, சிரிச்சாச்சு. இப்ப வையுங்க.”

“வெறும் வயித்தோட நல்ல காரியம் பண்ணக் கூடாது. கஞ்சி கொண்டா. குடிச்சிட்டு நச்சுனு ஒண்ணு வைக்கிறேன், எந்த ஆபீசரும் திருப்பி அனுப்ப முடியாது.”

“வேட்டியில மைய பூசிடாதீங்க” என்று சொல்லிவிட்டு அம்சம் அடுப்படிக்குப் போனாள். கஞ்சியைச் சுடவைத்து, உப்புப் போட்டு, இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி ஆற்றினாள். கை ஆற்றிக்கொண்டிருக்க, மனசு வலங்கைமான் இ-சேவை மையத்துக்கும் கல்லூரி வாசலுக்குமாக ஓடிக்கொண்டிருந்தது. மகள் சுடிதாரில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பதுவரை பார்த்துவிட்டாள். துவையலைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு உள்ளே வந்தபோது மருதையன் சுவரில் சாய்ந்தபடி கண்ணை மூடியிருந்தார்.

“மாமா, கஞ்சி.”

இரண்டு தடவை கூப்பிட்டாள். தோளைத் தொட்டாள். தலை மெதுவாக ஒருபக்கம் சரிந்தது. வேட்டியில் மை படக்கூடாது என்று கட்டைவிரலை மட்டும் விலக்கி வெளிப்பக்கமாக நீட்டி வைத்திருந்தார். அந்தக் கை அப்படியே இருந்தது.

அம்சம் டம்ளரைத் தரையில் வைத்தாள். வீட்டில் யாரும் இல்லை. புருஷன் பகலவன் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போயிருந்தான். இசைவாணி ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தாள். அம்சத்துக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, கோபம். எண்பத்தேழு வருஷம் இருந்த மனுஷன் இன்னும் கால்மணி நேரம் இருந்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா என்று ஆத்திரமாக வந்தது. அடுத்தபடியாக அவள் கண் போனது காகிதத்தின் மேல்தான்.

விரலில் மை இருந்தது. காகிதத்தில் இடம் இருந்தது. நடுவில் ஒரு சாண் தூரம்கூட இல்லை. அவள் மாமனாரின் மணிக்கட்டைப் பிடித்தாள். கை இன்னும் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. யாருக்குத் தெரியப்போகிறது? வைக்கிறேன் என்று அவர் வாயால் சொல்லியாயிற்று. கஞ்சி வந்தால் வைக்கிறேன் என்றார், கஞ்சியும் வந்துவிட்டது. திருட்டுத்தனம் என்று இதில் எதுவும் இல்லை என்று அவள் தனக்குத்தானே வாதாடிப் பார்த்தாள். காகிதத்தை விரலுக்குக் கீழே கொண்டுவந்தும்விட்டாள்.

ஆனால் கஞ்சியை அவர் குடிக்கவில்லையே. அதுதான் அவளால் தாண்ட முடியாமல் போனது. எதைச் சொன்னாலும் கேட்டு, புரிந்து, அப்புறம்தான் விரல் வைப்பேன் என்று இருந்த ஆளின் கையை, அவர் இல்லாதபோது எடுத்து அழுத்துவதற்கு மனசு வரவில்லை. பயமாகவும் இருந்தது. கையை மெல்ல அவர் மடியில் வைத்தாள். காகிதத்தை மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. வந்த அழுகை தெருவையே எழுப்பிவிட்டது.

வயலில் இருந்து பகலவன் சேற்றுக் காலோடு ஓடிவந்தான். அப்பாவின் காலடியில் உட்கார்ந்தான். இசைவாணி வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். கையில் ஜெராக்ஸ் தாள்கள் இருந்தன. அம்மாவைப் பார்த்தாள். அம்சம் தலையை மட்டும் ஆட்டினாள், இல்லை என்று. தாத்தாவும் இல்லை, கைநாட்டும் இல்லை, இரண்டுக்கும் அதுதான் பதில்.

கொல்லைப்பக்கம் மகள் வந்து மெதுவாகச் சொன்னாள். “விடும்மா. அடுத்த வருசம் பாத்துக்கலாம்.”

“அடுத்த வருசம்னு யாருகிட்ட சொல்ற? ஒரு வருசம் ஒக்காந்துட்டு எவ படிக்கப் போயிருக்கா இந்தத் தெருவுல?” அம்சம் மூக்கைச் சிந்தினாள். “வி.ஏ.ஓ. மேடத்துக்குப் போன் போடு. தாத்தா போயிட்டாருன்னு மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் சொல்லாத. வரட்டும் மொதல்ல.”

பத்து மணிக்கெல்லாம் தெரு அடைத்துப் பந்தல் போட்டாகிவிட்டது. பேரன் பேத்தி, கொள்ளுப்பேத்தி வரை பார்த்துவிட்டுப் போன கிழவர். நோயில் படுக்கவில்லை, யாருக்கும் பாரமாக இருக்கவில்லை. இது கல்யாணச் சாவு என்று வந்தவர்கள் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். தஞ்சாவூர்ப் பக்கமிருந்து தப்பாட்டக் குழு வந்து இறங்கியது. நடவை அப்படியே விட்டுவிட்டு வந்த பெண்கள் முழங்கால் வரை சேறு காயாமல் வட்டம்கட்டி அழுதார்கள். அழுகை முடிந்ததும் அவரைப் பற்றிய கதைகளைச் சொல்லிச் சிரித்தார்கள். தேர் மாதிரி ஜோடித்த பாடைக்குச் செவ்வந்தி போதவில்லை என்று ஒருவர் கும்பகோணத்துக்கு வண்டியை விரட்டினார். தப்புச் சத்தத்தில் சட்டிபானையெல்லாம் அதிர்ந்தது. ஊரே கிளர்ந்து கிடந்தது.

அதில் அம்சம் மட்டும் நிலைகொள்ளாமல் இருந்தாள். வந்தவர்களைக் கட்டிக்கொண்டு அழுவாள், தோளுக்கு மேலாக ரோட்டைப் பார்ப்பாள். மேடம் வருகிறாரா என்று.

மேடத்துக்கு முன்னால் நாத்தனார் வந்தாள். பெரியநாயகி திருத்துறைப்பூண்டியில் இருந்து கார் பிடித்து, தெருமுனையிலேயே இறங்கி, மார்பில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். அப்பாவின் செல்ல மகள் அவள். அம்சத்தோடு பகை என்று சொல்ல முடியாது. ஆனால் வீடு இருக்கும் மனை இன்னும் அப்பா பேரில்தான் இருக்கிறது, பிரிக்கவில்லை என்பது இருவருக்கும் தெரியும். அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதற்கே இரண்டு பேரும் மிகவும் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள்.

குளிப்பாட்டும் நேரம் வந்தது. உறவுக்காரர்கள் வரிசையாக வந்து மருதையன் தலையில் எண்ணெயும் சீயக்காயும் தொட்டு வைத்தார்கள். பெரியநாயகி எண்ணெய் வைத்துவிட்டு, அப்பாவின் வலது கையை எடுத்துக் கன்னத்தில் ஒற்றிக்கொள்ளப் போனவள் அப்படியே நின்றாள். அதுவரை துணிக்குள் இருந்த கட்டைவிரல் நீலமாக இருந்தது. அம்சம் ஆயிரம் வேலையில் அதைத் துடைக்க மறந்திருந்தாள்.

“இது என்னா மை?”

தப்புக்காரர்கள் டீ குடிக்கப் போயிருந்த நேரம். அதனால் அந்தக் கேள்வி தெருக்கோடி வரை கேட்டது.

“கேக்குறேன்ல? எங்கப்பா வெரல்ல ஏது மை? அம்சம், நீதான காலையில கூட இருந்தவ. எதுல வாங்குன நாட்டு?”

“அண்ணி, நான் சொல்றத…”

“உசுரு போனவரு கையில நாட்டு வாங்குனவங்க கதையெல்லாம் நான் கேட்டுருக்கேன். எங்க வீட்டுலயே பாப்பேன்னு நெனைக்கல. எனக்குச் சேர வேண்டியது ஒண்ணுமே இல்லன்னு எழுதிக்கிட்டியா?”

அம்சத்துக்கு முகம் எரிந்தது. காலையில் அவள் செய்ய நினைத்தது நிஜம். செய்யாததற்குப் பேச்சு வாங்குகிறோமே என்று அழுகையும் முட்டியது. ரவிக்கையில் கைவிட்டு, வியர்வையில் ஊறிப்போயிருந்த காகிதத்தை எடுத்துப் பிரித்து, எல்லோரும் பார்க்க நீட்டினாள்.

“இதான் காகிதம். பாப்பா படிப்புக்கு. மையத் தேய்ச்சது நான்தான். கஞ்சி குடிச்சிட்டு வைக்கிறேன்னாரு. வைக்கல. பாருங்க, அவரு பேருக்கு நேரா ஒண்ணுமில்ல.”

“ஒண்ண ஒளிச்சிட்டு ஒண்ணக் காட்டுறியா? ஒண்ணுலயும் வைக்காமலா வெரலு இப்பிடி இருக்கு?”

பகலவன் நடுவில் வந்து காகிதத்தை வாங்கிப் பார்த்தான். தன் கையெழுத்து, பெண்டாட்டி கையெழுத்து, அதற்குக் கீழே அப்பாவின் பெயரும் வெறும் இடமும். “அக்கா, மொதல்ல அப்பாவக் குளிப்பாட்டுவோம்” என்று மட்டும் சொன்னான். பெரியநாயகி பந்தலின் மறுகோடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். பெண்கள் பாதிப்பேர் அவளோடு போனார்கள். தப்பு மறுபடி ஆரம்பித்தது. சோப்புப் போட்டுத் தேய்த்தும் விரல் வெளுக்கவில்லை.

பூமாலையோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கிய கிராம நிர்வாக அலுவலர் வானதிக்கு இது எதுவும் தெரியாது. சாவு என்று கேட்டு வந்திருந்தாள், அவ்வளவுதான். மாலையைப் போட்டுக் கும்பிட்டுவிட்டுத் திரும்பியவளின் கையை அம்சம் பிடித்துக்கொண்டாள்.

“மேடம், மாமா நாட்டு வைக்காமயே போயிட்டாரு. இன்னைக்குத்தான் கடைசி. பாப்பா கதி என்னா?”

வானதி காகிதத்தை வாங்கினாள். நின்றபடியே ஒருதரம் படித்தாள்.

“அவர் கைநாட்டு இனிமே வேண்டியதில்லக்கா. உயிரோட இருக்கறவங்ககிட்டதான் கேப்பாங்க. காலமாயிட்டார்னா இறப்புச் சான்றிதழ் வச்சாப் போதும்.”

“அது எப்ப கெடைக்கும்?”

“பதியறது நான்தானே. இப்பவே தகவல் குடுத்தா நான் ஆபீஸ் போய் ஏத்தி எடுத்துக் குடுத்துருவேன். அதோட சேத்து இன்னைக்கே அனுப்பிடலாம். ஆனா சாயந்தரம் இ-சேவை சென்டர் மூடறதுக்குள்ள போகணும்.”

சுற்றி நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்தத் தெருவில் ஆளை எடுக்கிற வரைக்கும் செத்துவிட்டார் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. படுத்திருக்கிறார் என்பார்கள். பெரியவர் வீட்டில் படுத்திருக்கும்போதே அவர் இல்லை என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுப்பதா? ஒரு பெரிய மனுஷி “எடுத்தப்பறம் எழுதுனா ஆகாதா?” என்று கேட்டாள்.

“எடுத்துட்டு வந்து எழுதுனா சென்டர் மூடிருவாங்கம்மா.”

பகலவன் ஈர வேட்டியோடு நின்றுகொண்டிருந்தான். குளிப்பாட்ட நீர்மாலைத் தண்ணீர் எடுத்து வந்த தலை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் அக்காவைப் பார்த்தான். பெரியநாயகி எழுந்து வந்து, அம்சத்தைப் பார்க்காமல், வானதியிடம் கேட்டாள்.

“இது வீட்டுக்கு ஒண்ணும் இல்லையே?”

“வீட்டுக்கு இல்லம்மா. படிக்கிறேன், கேளுங்க.” வானதி நிதானமாக, ஒவ்வொரு வரியாகப் படித்தாள். “எங்கள் குடும்பத்தில் இதுவரை பட்டதாரி எவரும் இல்லை என உறுதி கூறுகிறோம்.”

பெரியநாயகி காகிதத்தை எட்டிப் பார்த்தாள். அப்புறம், “நான் எட்டாவது வரைக்கும் படிச்சேன். அது இதுல வராதா?” என்று கேட்டாள். யாரோ சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். வராது என்று வானதி சொன்னதும் அவள் போய்ப் பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பகலவன் தலைத் தண்ணீரைக் கையால் வழித்துவிட்டு, “கையெழுத்து எங்க போடணும்?” என்றான்.

“எத்தன மணிக்கு இறந்தார்?” என்று வானதி கேட்டாள்.

எல்லோரும் அம்சத்தைப் பார்த்தார்கள். அவளுக்கு மணி தெரியாது. “கஞ்சி ஆத்திக்கிட்டு இருந்தேன்” என்றாள். வானதி தானாகவே ஒரு நேரத்தை எழுதிக்கொண்டாள்.

அதற்கப்புறம் எல்லாம் ஓட்டம்தான். இசைவாணி வானதியின் ஸ்கூட்டரில் போக வேண்டும், ஆனால் நெய்ப்பந்தம் பிடிக்காமல் பேத்தி எப்படி வீட்டைவிட்டுப் போவது? வாய்க்கரிசி போடுவதற்கு முன்னாலேயே பந்தத்தைப் பிடித்துவிடட்டும் என்று பெரியவர்கள் முறையை முன்னும் பின்னுமாக மாற்றினார்கள். கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது, ஆனால் யாரும் தடுக்கவில்லை. பிள்ளைகள் எரியும் பந்தத்தோடு தாத்தாவைச் சுற்றி வந்தார்கள். இசைவாணி அழுதுகொண்டே மூன்று சுற்றும் சுற்றினாள். கடைசிச் சுற்றில் அவருடைய காலைத் தொட்டுவிட்டு, பந்தத்தை யாரிடமோ கொடுத்துவிட்டு, கரி படிந்த கையோடு ஸ்கூட்டரில் ஏறினாள். ஒருவர் அவளுடைய ஃபைலை எடுத்து மடியில் வைத்தார். இன்னொருவர் புகைப்படம் எடுத்துக்கொண்டாயா என்று கேட்டார். செத்த வீட்டில் இருந்து போகிற பிள்ளையிடம் போய்வருகிறேன் என்று சொல்லாதே என்று ஒரு கிழவி கத்தினாள். அவள் எதுவும் சொல்லவில்லை. வண்டி வாய்க்கால் கரையோடு பறந்தது.

அம்சம் மாமனாருக்கு வாய்க்கரிசி போட்டாள். போடும்போது, போய்ச் சேர்ந்திருப்பாளா என்று நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். மறுபடியும் நினைத்தாள். பாடையைத் தூக்கினார்கள். பகலவன் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தான். அவனுடைய கைபேசி அம்சத்தின் இடுப்பில் இருந்தது.

தப்பு பொங்கி எழுந்தது. பையன்களும் பெரியவர்களும் துண்டைச் சுழற்றிக்கொண்டு ஆடினார்கள். மருதையனே எத்தனையோ சாவுகளில் இப்படி ஆடியவர். கிழவருக்குக் கடன் வைக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டு எழுபது வயதுக்காரர் ஒருவர் ஆடினார். பொரியும் செவ்வந்தியும் ரோடெல்லாம் சிதறின. அம்சம் பெண்களோடு பின்னால் நடந்துகொண்டிருந்தாள். ஆற்றுக்குத் திரும்புகிற முச்சந்தி வரைதான் பெண்கள் வரலாம். குடமுருட்டிக் கரைச் சுடுகாட்டுக்கு ஆண்கள் மட்டும். பாடை முச்சந்தியைத் தாண்டுகிற நேரத்தில் இடுப்பில் கைபேசி அதிர்ந்தது.

“அம்மா, சர்டிபிகேட் வந்துருச்சும்மா. வானதி மேடமே குடுத்துட்டாங்க. சென்டர்ல ஃபஹ்மிதாக்கா எல்லாத்தையும் ஏத்திட்டாங்க. அப்பா போனுக்கு ஓடிபி வரும். அதச் சொன்னாத்தான் போகும். சென்டர் மூடப் போறாங்களாம்.”

“என்னடி? கேக்கல.”

“ஓடிபிம்மா. நம்பர். நம்பர்.”

குறுஞ்செய்தி வந்தது. அம்சம் திரையைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாகக் கத்தினாள். மறுமுனையில் என்ன என்ன என்று மட்டும் கேட்டது. காதில் ஒரு விரலைச் செருகிக்கொண்டு, வயலில் இறங்கி ஓடிப் பார்த்தாள். தப்புச் சத்தம் வயலையும் நிறைத்திருந்தது. பட்டாசு வேறு. நேரம் முடிந்து அந்த எண் செத்துப்போய், அடுத்த எண் வந்தது. “அம்மா, இதான் கடைசி, ஃபஹ்மிதாக்கா சொல்றாங்க, இன்னொரு தடவ தப்பாப் போனா நாளைக்குத்தான் முடியுமாம்” என்று மகளின் குரல் உடைந்து உடைந்து வந்தது.

அம்சம் ஓடினாள். நின்றிருந்த பெண்களைத் தாண்டி, முச்சந்தியைத் தாண்டி, ஆடுகிறவர்களுக்கு நடுவில் புகுந்து, முன்னால் நின்று அடித்துக்கொண்டிருந்தவரின் கையைப் பிடித்தாள்.

“நிறுத்துங்கய்யா. ஒரு நிமிசம். எம் பொண்ணு படிப்புக்கு.”

அவர் அடித்துக்கொண்டே தலையை ஆட்டினார். “எடுத்தப்பறம் நிக்கக் கூடாதும்மா. கட்டையில வைக்கிற வரைக்கும் அடி ஓயப்படாது. ஊருக்கு ஆகாது.”

அம்சம் பகலவனைப் பார்த்தாள். அவன் சட்டியைப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்கக் கூடாத முறையில் நேரே பார்த்து நடந்தான். கொள்ளி எடுத்தவன் திரும்பக் கூடாது. அவன் முதுகு தவித்தது அவளுக்குத் தெரிந்தது. வேறு யாரைக் கேட்பது என்று அவளுக்குப் புரியவில்லை. கையில் இருந்த எண் செத்துக்கொண்டிருந்தது.

“நிறுத்துங்கடா.”

பெரியநாயகியின் குரல். அவிழ்ந்த தலைமுடியை ஒரு கையால் அள்ளிப் பிடித்துக்கொண்டு அவளும் முச்சந்தியைத் தாண்டி வந்துகொண்டிருந்தாள்.

“யாரு வீட்டுச் சாவு இது? நான் அவரு பொண்ணு சொல்றேன், நிறுத்துங்க. எதுவானாலும் எந்தலையில வரட்டும். எங்கப்பா நிப்பாரு.”

முன்னால் இருந்தவர் கையைத் தூக்கினார். ஒரு தப்பு நின்றது, அடுத்தது நின்றது, கடைசியாகச் சலங்கையும் நின்றது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் தூக்கிய காலைக் கீழே வைத்தார்கள். பாடையைத் தூக்கியதில் இருந்து முதல்தடவையாக எல்லாம் அடங்கியது. வாய்க்காலில் தண்ணீர் போகிற சத்தம் கேட்டது. தூரத்து வயலில் ஒரு நடவு இயந்திரம் ஓடுவதும் கேட்டது. மருதையன் பூவுக்குள் படுத்தபடி எல்லோருடைய தோளிலும் இருந்தார்.

அம்சம் எண்களைச் சொன்னாள். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொன்னாள். மறுமுனையில் இசைவாணி திருப்பிச் சொல்வதும், ஃபஹ்மிதா தட்டுவதும் கேட்டன.

“சுத்துதும்மா” என்றாள் மகள். “இரும்மா. இன்னும் சுத்துது.”

பாடை தூக்கியவர்கள் தோள் மாற்றிக்கொண்டார்கள். ஊரில் பாதிப்பேருக்கு என்ன நடக்கிறது என்று தெரியாது, ஆனாலும் எல்லோரும் அம்சத்தின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியநாயகி பக்கத்தில் வந்து நின்று, கைபேசியில் தன் காதையும் சேர்த்து வைத்துக்கொண்டாள். அவளுடைய கன்னம் அம்சத்தின் விரல்களில் பட்டது. ஈரமாக இருந்தது.

“ஏறிடுச்சும்மா. போயிடுச்சு. நம்பர் குடுத்துட்டாங்க.”

அம்சத்துக்கு உடம்பெல்லாம் சந்தோஷம் ஏறி நின்றது. அந்த இடத்தில் அதை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. பெரியநாயகிதான் நிமிர்ந்து, தப்புக்காரர்களைப் பார்த்துக் கையை வீசினாள்.

“அடிங்க.”

அவர்கள் அடித்த அடியில் மரத்தில் இருந்த கொக்குகள் எல்லாம் கிளம்பின. பாடை நகர்ந்தது. சட்டி முன்னால் போனது. எழுபது வயதுக்காரர் துண்டை மறுபடியும் தலைக்கு மேல் சுழற்றினார்.

“அம்மா” என்று காதுக்குள் மகள் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். “கேக்குதா? வீட்டுக்குப் போயிட்டியா? எங்க இருக்க?”

அம்சம் திரும்பிப் பார்த்தாள். முச்சந்தியும் அங்கே நின்ற பெண்களும் நன்றாகப் பின்னால் போயிருந்தார்கள். யாரும் அவளைத் திரும்பிப் போகச் சொல்லவில்லை.

“தாத்தாகூட நடந்துக்கிட்டு இருக்கேன்” என்றாள்.

பக்கத்தில் பெரியநாயகியும் நடந்துகொண்டிருந்தாள்.